தெருவுக்கு ஒரு ஏஇடி: மதுரையில் வாங்கி வைக்க நினைப்பவர்களுக்கு

இதயத் துடிப்பு திடீரென்று குலைந்து ஒருவர் சாய்ந்துவிட்டால், 3 முதல் 5 நிமிடத்துக்குள் மின் அதிர்ச்சி கொடுக்க முடிந்த இடங்களில் பாதிப் பேருக்கு மேல்கூடப் பிழைத்திருக்கிறார்கள். யாரும் எதுவும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அந்த வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. யாராவது நெஞ்சை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் இந்தச் சரிவு 3, 4 சதவீதமாக மட்டுப்படும். கீழமாசி வீதியில் சாயங்காலம் 6 மணிக்கு எந்த ஆம்புலன்ஸும் 5 நிமிடத்தில் வந்து நிற்க முடியாது. ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை, தெருவின் நெரிசல் அப்படி. அதனால்தான் அந்த அதிர்ச்சியைக் கொடுக்கும் இயந்திரம் தெருவிலேயே இருக்க வேண்டும் என்கிறோம்.

அந்த இயந்திரம்தான் ஏஇடி. தானாகவே இதயத் துடிப்பைப் படித்து, அதிர்ச்சி தேவையா இல்லையா என்று தானே முடிவு செய்யும் டிஃபிப்ரிலேட்டர். ஒரு வியாபாரிகள் சங்கமோ, குடியிருப்போர் நலச்சங்கமோ, விழாக் கமிட்டியோ பணம் திரட்டி வாங்கிவிடக்கூடிய பொருள்தான். ஆனால் வாங்குவது இதில் சின்ன வேலை. எங்கே வைக்கிறோம், அந்தக் கதவு எத்தனை மணி வரை திறந்திருக்கிறது, மாதாமாதம் யார் பார்க்கிறார்கள், விழுந்தவரை ஆட்டோவில் ஏற்றாமல் அங்கேயே நெஞ்சை அழுத்த எத்தனை பேருக்குத் தெரியும் என்பதெல்லாம்தான் உயிரைத் தீர்மானிக்கும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவற்றைப் பற்றியது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. மாரடைப்பில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. நெஞ்சு வலிக்கும், வியர்க்கும், இடது கை கனக்கும், ஆனால் ஆள் பேசுவார். அவருக்கு ஏஇடி வேண்டாம், மருத்துவமனை வேண்டும், அதுவும் உடனே. இதயம் நின்றுபோனவரோ கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டார், சீராக மூச்சு விட மாட்டார். பலருக்கு அப்போது இதயத்தின் கீழறைகள் சீராகச் சுருங்காமல் தாறுமாறாக நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த நடுக்கத்தை நிறுத்தி, இயல்பான துடிப்பு மறுபடி தொடங்க இடம் கொடுப்பதுதான் மின் அதிர்ச்சியின் வேலை. மாரடைப்பு முற்றி இதயம் நின்றுபோகலாம் என்பதால், நெஞ்சு வலி என்று ஒருவர் உட்கார்ந்தாலே ஏஇடியைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிடுவது நல்லது. பேடை (அதிர்ச்சி பாய்வதற்காக மார்பில் ஒட்டும் பட்டை) மட்டும் ஒட்டாதீர்கள்.

துடிப்பு அறவே அடங்கிப்போன இதயத்துக்கு ஏஇடி அதிர்ச்சி கொடுக்காது. நன்றாகத் துடிக்கும் இதயத்துக்கும் கொடுக்காது. ஆகவே தெரியாமல் ஒட்டிவிட்டால் ஆளைக் கொன்றுவிடுவோமோ என்ற பயம் தேவையில்லை. பயிற்சி வகுப்புகளில் இதை முதலில் சொல்லிவிட வேண்டும், பாதிப் பேரைத் தடுப்பது இந்தப் பயம்தான்.

எங்கே வைப்பது

விழுந்த இடத்திலிருந்து ஒருவர் வேகமாகப் போய் எடுத்துத் திரும்பி வர 3 நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். போக ஒன்றரை, வர ஒன்றரை. ஆளில்லாத தெருவில் இது 200 மீட்டர் வரை வரும். விளக்குத்தூண் பக்கம் தீபாவளிக்கு முந்தைய வாரம் இதே ஒன்றரை நிமிடத்தில் 60 மீட்டர் தாண்டுவதே பெரிய விஷயம். எனவே தூரத்தை வரைபடத்தில் அளக்காதீர்கள். கூட்டம் அதிகமான நேரத்தில் கையில் கடிகாரத்தோடு நடந்து அளங்கள்.

அடுத்தது நேரம். இரவு ஒன்பதரைக்கு ஷட்டர் இறங்கும் ஜவுளிக்கடைக்குள் வைத்தால் காலை வரை அது இல்லாத மாதிரிதான். நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் தெப்பக்குளத்தைச் சுற்றுவது விடியற்காலை 5 மணிக்கு, பூ மார்க்கெட்டில் மூட்டை இறங்குவது அதற்கும் முன்னால். மதுரையில் இதற்கு ஒரு நல்ல வசதி உண்டு. தூங்கா நகரம் என்று சும்மா பெயர் வரவில்லை. இரவு முழுக்க ஆள் இருக்கும் டீக்கடை, பெட்ரோல் பங்க், காவலாளி உள்ள ஏடிஎம், போலீஸ் அவுட்போஸ்ட், 24 மணி நேர மெடிக்கல் இவற்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலான ஏரியாக்களில் இருக்கிறது. கடையின் மதிப்பையும் முகப்பையும் பார்க்காதீர்கள், எத்தனை மணி நேரம் அங்கே ஒரு ஆள் விழித்திருக்கிறார் என்று பாருங்கள்.

பெட்டியைப் பூட்டாதீர்கள். திருட்டுப் பயம் நியாயமானதுதான். அதற்குத் திறந்தால் அலறும் அலாரம் உள்ள பெட்டி இருக்கிறது, கேமரா பார்வையில் வைக்கலாம், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் வைக்கலாம். சாவி போட்டுப் பூட்டினால் சாவி எப்போதும் வேறொருவர் வீட்டில்தான் இருக்கும். கட்டாயம் பூட்டித்தான் ஆக வேண்டும் என்றால், உடைத்துத் திறக்கும் கண்ணாடியோ இழுத்தால் அறுந்துவிடும் பிளாஸ்டிக் சீலோ போதும்.

வெயிலைக் கணக்கில் எடுக்காமல் மதுரையில் இந்த வேலையைச் செய்ய முடியாது. பெரும்பாலான ஏஇடிகளின் கையேட்டில் 0 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை என்று போட்டிருக்கும், சில மாடல்களுக்குச் சேமித்து வைக்கும் வரம்பு அதைவிடக் குறைவு. நிழலிலேயே 40 டிகிரி தாண்டும் சித்திரை, வைகாசியில், மேற்குப் பார்த்த சுவரில் தொங்கும் மூடிய இரும்புப் பெட்டிக்குள் 50 சுலபமாகத் தாண்டிவிடும். அதனால் கெடுவது இயந்திரத்தைவிட முதலில் பேடில் இருக்கும் பசை. ஈரமான ஜெல் காய்ந்துபோனால் தோலில் ஒட்டாது, மின்சாரமும் சரியாகப் பாயாது. பேட்டரியின் ஆயுளும் குறையும். பெட்டியை மாட்டும் முன் உச்ச வெப்பத்தைப் பதிவு செய்து காட்டும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை அதே இடத்தில், மூடிய பெட்டிக்குள், மே மாதத்தில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். 45-ஐத் தொட்டாலே இடத்தை மாற்றுங்கள். வடக்குப் பார்த்த சுவர், உள்திண்ணை, படிக்கட்டு அடியில் காற்றோட்டமுள்ள இடம், கல்லாவுக்குப் பின்புறம் எல்லாம் சரி. வடை சட்டிக்கும் பாய்லருக்கும் பக்கத்தில் வேண்டாம், எண்ணெய்ப் புகையும் சூடும் ஆகாது. நிறுத்தி வைக்கும் காரின் டிக்கியில் வைப்பதும் கூடாது.

மின் இணைப்பு தேவையில்லை. பேட்டரியில்தான் ஓடும், கரண்ட் போனாலும் கவலையில்லை.

கிராமத்தில் கணக்கு வேறு. உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் உள்ளடங்கிய ஊர்களுக்கு 108 வந்து சேர இன்னும் நேரமாகும், அதனால் ஏஇடியின் தேவை அங்கே கூடுதல். ஊர் மந்தை, சாவடி, பால் சொசைட்டி என்று எல்லோருக்கும் தெரிந்த இடமாக இருக்கட்டும். ரேஷன் கடை, பஞ்சாயத்து அலுவலகம் வேண்டாம், இரண்டும் பாதி நாள் பூட்டிக் கிடக்கும். பம்புசெட் மோட்டாரில் கரண்ட் அடித்து விழுபவர்களுக்கு இதயம் நடுங்கி நிற்பது அடிக்கடி நடப்பது. ஊருக்குள் ஒன்று இருந்தால், தோட்டத்துக்கு டூவீலரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் என்றும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி வைப்பவர்கள் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. சித்திரை வீதிகளுக்குள் வண்டி வராது, ஆகவே ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்திலிருந்து ஸ்ட்ரெச்சர் நடந்துதான் வர வேண்டும். கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக அனுமதியில்லை, ஆகவே உள்ளே விழுந்தவருக்கு அருகில் நிற்கும் பக்தரால் 108-ஐக் கூப்பிட முடியாது. வாக்கி டாக்கி வைத்திருக்கும் காவல் பணியாளர் வழியாகத்தான் செய்தி வெளியே போகும். பயிற்சியை அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

வாங்கும்போது

விலை மாடலைப் பொறுத்து ஏறத்தாழ எண்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் ரூபாய் வரை போகும். நன்கொடையாளர்கள் இந்தத் தொகையை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பேடுக்குக் காலாவதி தேதி உண்டு, பெரும்பாலும் 2 முதல் 4 ஆண்டு. பயன்படுத்தாமல் வைத்திருக்கும் பேட்டரி 4, 5 ஆண்டு வரும். ஆகவே 5 வருடக் கணக்கில் இரண்டு ஜோடி பேடும் ஒரு பேட்டரியும் வாங்கும் தொகையை முதல் நாளே தனியாக வங்கியில் போட்டு வைக்க வேண்டும். மூன்றாம் வருடம் போய் மறுபடி வசூல் செய்வது நடக்காத காரியம்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை: மருத்துவ சாதன விதிகள் 2017-இன்படி உரிமம் உள்ளதா, எண் என்ன. பேடும் பேட்டரியும் இந்தியாவில் கையிருப்பில் உள்ளதா, இறக்குமதி செய்துதான் தர வேண்டுமா. கையில் தரும் நாளிலிருந்து பேடுக்கு குறைந்தது 18 மாதம் பாக்கி இருக்குமா (தேதி நெருங்கிய சரக்கைத் தள்ளிவிடுவது உண்டு, பில்லிலேயே தேதியை எழுதி வாங்குங்கள்). குழந்தைகளுக்கான பேடு அல்லது குழந்தைச் சாவி (குழந்தைக்கு ஏற்றபடி அதிர்ச்சியைக் குறைக்கும் சாவி) இருக்கிறதா. தமிழில் பேசுமா. தமிழ்க் குரல் இல்லாத மாடல்தான் கிடைக்கிறது என்றால், அது சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தமிழில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு அட்டை எழுதி, லேமினேட் செய்து, மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.

தூசுக்கும் தண்ணீருக்குமான பாதுகாப்பைக் குறிக்கும் ஐபி எண்ணைப் பாருங்கள். முதல் இலக்கம் தூசு, இரண்டாவது தண்ணீர். ஐபி55 என்றால் திறந்த இடத்துக்கும் திருவிழாவுக்கும் தாங்கும். ஐபி21 போன்றவை அறைக்குள் வைப்பதற்கு. ஒரு ஏரியாவில் நான்கு ஏஇடி வைத்தால் நான்கும் ஒரே மாடலாக இருப்பது மிகப் பெரிய வசதி. பேடு மாற்றி மாற்றிப் போடலாம், கற்றவருக்கும் குழப்பமிருக்காது. பழைய, புதுப்பித்த இயந்திரத்தை மலிவாகத் தருகிறார்கள் என்றால் வாங்க வேண்டாம், அதற்குப் பேடு கிடைக்காமல் போய்விடும்.

கூடவே ஒரு சின்னப் பையில் இவற்றைக் கட்டி வையுங்கள்: துணி வெட்டும் கனமான கத்தரிக்கோல் 1, சவரம் செய்யும் ரேசர் 2, சின்னத் துண்டு 2, கையுறை 2 ஜோடி, வாயில் வைத்து ஊதும் மாஸ்க் 1, பிரிக்காத மாற்று பேடு 1 ஜோடி, பழைய பருத்திச் சேலை 1. சேலை எதற்கென்று பின்னால் வருகிறது.

ஆட்களைத் தயார் செய்வது

சங்கச் செயலாளருக்கும் தலைவருக்கும் பயிற்சி கொடுத்து போட்டோ எடுத்துக்கொள்வது பயனில்லாத வேலை, அவர்கள் தெருவில் நிற்பவர்கள் அல்ல. டீ மாஸ்டர், பூக்கட்டும் அம்மா, ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கும் அண்ணன்மார், செக்யூரிட்டி, இட்லிக்கடை அக்கா, ஜவுளிக்கடை சேல்ஸ் பிள்ளைகள், பள்ளிக்கூடத்துப் பெரிய பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும். நெஞ்சை அழுத்திப் பழகும் பயிற்சிப் பொம்மையோடு ஒரு மணி நேரம் போதும். ஒரு பொம்மைக்கு 6 பேருக்கு மேல் வேண்டாம், வேடிக்கை பார்ப்பவருக்குக் கை பழகாது. 6 மாதத்துக்கு ஒரு முறை பதினைந்து நிமிடம் மறுபடி அழுத்திப் பார்க்க வைக்காவிட்டால் ஆழம் மறந்துவிடும்.

வகுப்பைவிட ஒத்திகை முக்கியம். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் தெருவில் பொம்மையைக் கிடத்தி, 'பேச்சு மூச்சில்லை' என்று சத்தம் போடுங்கள். ஏஇடி பொம்மைக்குப் பக்கத்தில் வந்து பேடு ஒட்டப்படும் வரை எவ்வளவு நேரம் என்று பாருங்கள். இதற்கு பயிற்சிக் கருவியைப் பயன்படுத்துங்கள், உண்மையான பேடின் உறையைக் கிழித்தால் அது போச்சு. எங்கே நேரம் போகிறது என்று அப்போதுதான் தெரியும். பெரும்பாலும் 'அந்த டப்பா எங்கேப்பா இருக்கு' என்று தேடுவதில்தான் போகும். தெருமுனையிலும் நடுவிலும் அம்புக்குறியோடு தமிழில் பலகை வைப்பதற்கு இதுவே காரணம்.

ஏஇடி இருக்கும் இடம், திறந்திருக்கும் நேரம், பொறுப்பாளர் எண் மூன்றையும் எழுதி வார்டு கவுன்சிலர், காவல் நிலையம், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம், ஏரியா 108 ஆம்புலன்ஸ் குழு எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள்.

உதவப் போய் கேஸ் ஆகிவிடுமோ என்று கேட்பார்கள். சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாதவருக்கு நல்லெண்ணத்தோடு, அவர் நன்மைக்காகச் செய்யும் உதவியை பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவு குற்றமாகக் கருதுவதில்லை. சாலை விபத்தில் உதவுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு தனியாகவே பாதுகாப்புத் தருகிறது.

ஆள் விழுந்ததும்

விழுந்தவுடன் நம் ஊரில் வழக்கமாக நடப்பது இது: முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள், சோடா வாங்கி வர ஓடுவார்கள், கை கால் இழுத்தால் வலிப்பு என்று இரும்புச் சாவியைக் கையில் திணிப்பார்கள், பிறகு ஆட்டோவில் தூக்கிப் போட்டு பெரியாஸ்பத்திரிக்கு விரட்டுவார்கள். எல்லாமே அன்பில் செய்வது. ஆனால் ஓடும் ஆட்டோவில் நெஞ்சை அழுத்த முடியாது, கோரிப்பாளையம் சிக்னலைத் தாண்டுவதற்குள் மூளைக்கு ரத்தம் போகாமல் பத்து நிமிடம் ஆகியிருக்கும். இழுப்பைப் பற்றி ஒரு வார்த்தை: இதயம் நின்ற முதல் சில நொடிகளில் வலிப்பு மாதிரி உடம்பு வெட்டி இழுப்பது உண்டு. தொடர்ந்து, மீன் வாய் திறப்பது போல அவ்வப்போது ஒரு கொர்ர் என்ற மூச்சு வரும். இது மூச்சு அல்ல. 'மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு' என்று கூட்டம் நிம்மதி அடைவதும், ஆள் கைவிட்டுப் போவதும் இந்த இடத்தில்தான். தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள், 10 நொடிக்குள் மார்பு சீராக ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இதயம் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஒருவரை விரலால் சுட்டி, 'அண்ணே, நீங்க 108 கூப்பிட்டு ஸ்பீக்கர்ல போடுங்க' என்று சொல்லுங்கள். இன்னொருவரை, 'தம்பி, டீக்கடையில் ஏஇடி இருக்கு, ஓடு' என்று அனுப்புங்கள். பொதுவாக 'யாராவது கூப்பிடுங்க' என்றால் யாரும் கூப்பிட மாட்டார்கள். போனில் 'மயங்கிட்டார்' என்று சொல்ல வேண்டாம், 'பேச்சு மூச்சில்லை, நெஞ்சை அழுத்திக்கிட்டிருக்கோம்' என்று சொல்லுங்கள். தெருப் பெயரோடு, வண்டி எந்தப் பக்கமிருந்து உள்ளே வர முடியும் என்பதையும் சொல்லி, தெருமுனையில் ஒருவரை நிறுத்துங்கள்.

மல்லாக்க, தரையில் கிடத்துங்கள். கட்டிலிலோ பெஞ்சிலோ அழுத்தினால் மெத்தை வாங்கிக்கொள்ளும். மார்பின் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன் மேல் மற்றொரு கை. முழங்கையை மடக்காமல், தோளின் பாரத்தை இறக்கி 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, அதாவது நொடிக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு அழுத்தலுக்கும் பின் நெஞ்சு முழுதாக மேலே வர விடுங்கள், சாய்ந்துகொண்டே அழுத்தினால் இதயத்தில் ரத்தம் நிரம்பாது. விலா எலும்பில் நொறுக்கென்று சத்தம் கேட்கலாம். நிறுத்தாதீர்கள், எலும்பு கூடிக்கொள்ளும். 2 நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறுங்கள், களைத்தது தெரியாமலேயே ஆழம் குறைந்துவிடும். பயிற்சி பெறாதவர் வாயில் ஊத வேண்டியதில்லை, அழுத்தினாலே போதும். வைகையிலோ கண்மாயிலோ கிணற்றிலோ மூழ்கியவருக்கும் குழந்தைகளுக்கும் மட்டும், தெரிந்தவர் இருந்தால் முதலில் மூச்சு ஊதி, பிறகு 30 அழுத்தலுக்கு 2 ஊதல் என்று போக வேண்டும். கரண்ட் அடித்தவரை மெயினை அணைக்காமல் தொடாதீர்கள்.

ஏஇடி வந்ததும் முதல் வேலை ஆன் செய்வது. சில மாடலில் மூடியைத் திறந்தாலே ஆன் ஆகிவிடும். ஒருவர் அழுத்திக்கொண்டே இருக்க, மற்றவர் சட்டை பனியனைக் கத்தரித்து மார்பை வெளிப்படுத்த வேண்டும். ஒரு பேடு வலது காறை எலும்புக்குக் கீழே, மற்றொன்று இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கம். இரண்டையும் மார்பின் நடுவில் அருகருகே ஒட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. மின்சாரம் இதயத்தை ஊடுருவிப் போக வேண்டும், தோலோடு தோலாகப் போகக் கூடாது. பேடில் படமே போட்டிருக்கும், அதைப் பாருங்கள்.

நம் பக்கத்தில் மார்பு பெரும்பாலும் காய்ந்து சுத்தமாக இருக்காது. வியர்வை, சந்தனம், விபூதி, எண்ணெய், தைலம் எதுவானாலும் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், தீப்பிடிக்கும். மார்பு முடி அடர்த்தியாக இருந்து, 'பேடைச் சரிபார்க்கவும்' என்று இயந்திரம் சொன்னால் பேடு ஒட்டும் இடத்தை மட்டும் ரேசரால் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். தாலிக்கொடி, சங்கிலியைக் கழற்ற வேண்டாம், பேடுக்கு அடியில் படாமல் ஒதுக்கிவிடுங்கள். தோளுக்குக் கீழே தோலுக்கடியில் பேஸ்மேக்கர் புடைத்துத் தெரிந்தால் நான்கு விரற்கடை தள்ளி ஒட்டுங்கள். தேங்கிய தண்ணீரில் கிடந்தால் முதலில் காய்ந்த தரைக்கு இழுங்கள். பஸ்ஸின் இரும்புத் தளத்தில் என்றால், பேடு இரும்பில் படாமல் பார்த்துக்கொண்டால் சரி.

பெண்களுக்கு உதவத் தயங்குகிறோம், வெளிப்படையாகவே சொல்ல வேண்டியதுதான். ரவிக்கையையும் உள்ளாடையையும் கத்தரித்தோ ஒதுக்கியோ ஆக வேண்டும், துணிக்கு மேல் பேடு ஒட்டினால் வேலை செய்யாது. பையில் வைத்த சேலை இதற்குத்தான். சுற்றி நிற்கும் இரண்டு அக்காமார் நாலு முனையையும் விரித்துப் பிடித்து மறைப்புக் கட்டட்டும். இடது பக்கப் பேடு மார்பகத்தின் மேல் அல்ல, அதற்குக் கீழே பக்கவாட்டில் ஒட்ட வேண்டும்.

8 வயதுக்குக் கீழே, அல்லது 25 கிலோவுக்குள் இருக்கும் குழந்தைக்குக் குழந்தைப் பேடு அல்லது குழந்தைச் சாவி. இல்லாவிட்டால் பெரியவர் பேடையே ஒன்று மார்பின் நடுவிலும் மற்றொன்று முதுகிலும் ஒட்டிப் பயன்படுத்தலாம்.

'ஆராய்கிறது, தொடாதீர்கள்' என்று சொல்லும்போது மட்டும் அழுத்துவதை நிறுத்தி எல்லோரும் விலகுங்கள். பாசத்தில் காலைப் பிடித்திருக்கும் சொந்தக்காரரையும் சேர்த்து விலக்குங்கள். அதிர்ச்சி தேவை என்றால் பொத்தான் மின்னும், சுற்றிப் பார்த்து, 'யாரும் தொடாதீங்க' என்று சத்தமாகச் சொல்லி அழுத்துங்கள். அதிர்ச்சியின் அளவு எத்தனை ஜூல் என்பது உங்கள் கவலையல்ல, அதுவே முடிவு செய்யும். அதிர்ச்சி போனதும் நாடி பிடித்துப் பார்க்காமல் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். 2 நிமிடம் கழித்து அதுவே மறுபடி ஆராயும். 'அதிர்ச்சி தேவையில்லை' என்று சொன்னால் ஆள் பிழைத்துவிட்டார் என்றோ போய்விட்டார் என்றோ அர்த்தமில்லை. மூச்சு சீராக வரவில்லையென்றால் அழுத்துவதைத் தொடருங்கள். கண் திறந்து, மூச்சு விட்டால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள், பேடைப் பிய்க்காதீர்கள், இயந்திரத்தை அணைக்காதீர்கள். மறுபடி நிற்கலாம்.

திருவிழா, ஜல்லிக்கட்டு, கிரிவலம்

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் சுவரில் தொங்கும் ஏஇடி யாருக்கும் எட்டாது. கூட்டத்துக்குள் இருப்பவர் முதுகுப் பையில் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டிரண்டு பேர் கொண்ட குழு, ஒருவர் அழுத்த, ஒருவர் பேடு ஒட்ட. ஒவ்வொரு குழுவுக்கும் ஆற்றுமணலில் தன் எல்லை எது என்று தெரிந்திருக்கட்டும், உயரமான கம்பில் கொடி கட்டிக்கொள்ளட்டும். செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம், விசிலும் கொடியும் நம்பகம். திருப்பரங்குன்றத்தில் பௌர்ணமி கிரிவலத்துக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்.

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூரில் வாடிவாசலுக்கு அருகே மருத்துவக் குழுவோடு ஒரு ஏஇடி இருக்க வேண்டும். ரத்தக் காயத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நெஞ்சில் குறிப்பிட்ட நொடியில் விழும் மொத்தையான அடி, வெளியே ஒரு கீறலும் இல்லாமல் இதயத்தை நடுங்க வைத்துவிடும். கிரிக்கெட் பந்து நெஞ்சில் பட்டு இளைஞர்கள் சாய்வது இதே காரணத்தால்தான். அபூர்வம், ஆனால் அதிர்ச்சி உடனே கிடைத்தால் இவர்களுக்குப் பலன் நன்றாக இருக்கும்.

மாதப் பார்வை, பிறகு பயன்படுத்திய மறுநாள்

ஏஇடி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். நல்ல நிலையில் பச்சை விளக்கோ டிக் குறியோ தெரியும், கோளாறென்றால் சிவப்பு தெரியும் அல்லது கீச் கீச்சென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தைத் தாங்காமல் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். மாதம் முதல் தேதி பொறுப்பாளர் ஒருவர், அவர் ஊரில் இல்லாவிட்டால் இரண்டாமவர், போய்ப் பார்க்க வேண்டும். பெயர் எழுதாத பொறுப்பு யாருடையதும் அல்ல, பெட்டியின் மேலேயே இருவர் பெயரும் ஒட்டப்பட்டிருக்கட்டும். பார்க்க வேண்டியது: விளக்கு, பேடு தேதி, பேட்டரி தேதி, பேடின் உறை கிழியாமல் இருக்கிறதா, பையில் கத்தரிக்கோல் இருக்கிறதா (முதலில் காணாமல் போவது அதுதான்), பெட்டிக்குள் எறும்பு, பல்லி. போட்டோ எடுத்துக் குழுவில் போட்டால் இரண்டு நிமிட வேலை. தேதி முடிய 3 மாதம் இருக்கும்போதே புதிதுக்குச் சொல்லிவிடுங்கள். லித்தியம் பேட்டரியைச் சாதாரண கூரியரில் விமானத்தில் அனுப்ப முடியாது, நாள் பிடிக்கும்.

பயன்படுத்திய பிறகு ஆம்புலன்ஸ் குழுவிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு விழுந்தார், எப்போது அழுத்தத் தொடங்கினோம், எத்தனை அதிர்ச்சி போனது. இயந்திரத்தின் நினைவகத்தில் இதயத் துடிப்பின் பதிவு இருக்கும், மருத்துவர் கேட்டால் விற்றவர் மூலம் எடுத்துக் கொடுக்கலாம். அழிப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள். ஒருமுறை ஒட்டிய பேடை மறுபடி ஒட்டக் கூடாது. அன்றைக்கே மாற்று பேடைப் போட்டு, கையேட்டில் சொல்லியபடி துடைத்து, விளக்கு பச்சையா என்று பார்த்துப் பெட்டியில் வைத்துவிடுங்கள். ரேசர், கையுறை, துண்டு எல்லாம் புதிதாக நிரப்புங்கள்.

அழுத்தியவர்களைத் தனியாக விட்டுவிடாதீர்கள். சொந்த ஊர்க்காரரின் நெஞ்சை 15 நிமிடம் அழுத்தியும் அவர் பிழைக்காமல் போனால், அந்த டீ மாஸ்டருக்கு இரண்டு மூன்று இரவு தூக்கம் வராது. அடுத்த நாள் யாராவது போய்ப் பேச வேண்டும், என்ன நடந்தது என்பதை ஒரு மருத்துவரோ பயிற்சியாளரோ உட்கார்ந்து விளக்க வேண்டும். அதே வாரத்தில் சங்கம் கூடி, ஏஇடி வந்து சேர எத்தனை நிமிடம் ஆனது, எங்கே தடங்கியது என்று பேசி, பெட்டியை நகர்த்த வேண்டுமானால் நகர்த்திவிடுங்கள்.